நல்ல தண்ணீரில் ஓடாத மெஷின்

கொழும்பு வெள்ளவத்தையில் முதல் நாள் காலை, மேலே தேய்த்த சோப்பு போகவே மாட்டேன் என்றது. ஒரு வாளி ஊற்றினேன், இரண்டு வாளி ஊற்றினேன், மூன்றாவதும் ஊற்றியாயிற்று. கை வைத்த இடமெல்லாம் வழுவழு என்றிருந்தது. சோப்பு மட்டம் என்று முடிவு கட்டித் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அந்தக் குளியலறையிலேயே எனக்கு விஷயம் பிடிபட்டிருக்க வேண்டும். பிடிபடவில்லை. அதனால் ஒரு பெண்ணின் வேலை போயிற்று. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

நான் திருப்பூர்க்காரன். இன்ஜினியர் இல்லை, பட்டறைக்காரன். சாயக் கழிவு நீரை மின்சாரத்தால் சுத்தம் செய்யும் சின்ன மெஷின்களைச் செய்து விற்பதுதான் தொழில். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு தொட்டி, அதற்குள் அலுமினியத் தகடுகள். கரண்ட் பாய்ந்தால் தகடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கரைந்தது சாயத்தையும் சோப்பு அழுக்கையும் பிடித்துத் திரித்திரியாகத் திரட்டும். குமிழிகள் அதை மேலே தூக்கிக்கொண்டு வரும். அந்த நுரையை வழித்து எடுத்துவிட்டால் அடியில் தெளிந்த தண்ணீர். எங்கள் ஊர் ஆற்றை நாங்கள் என்ன பாடு படுத்தினோம் என்று ஊருக்கே தெரியும். அந்தப் பாவத்தில் கொஞ்சம் கழுவுகிறேன் என்று நான் மேடை கிடைத்தால் பேசுவதும் உண்டு.

கொழும்புக்கு வந்தது ஒரு பியூட்டி பார்லருக்காக. பார்லரை அங்கே சலூன் என்கிறார்கள். எங்கள் பக்கம் சலூன் என்றால் ஆண்கள் சவரம் செய்துகொள்ளும் கடை. 'லேடீஸ் சலூனுக்குப் போகிறேன்' என்று வீட்டில் சொன்னபோது என் மனைவி சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. மெஷின் கப்பலில் முன்னாலேயே போய்விட்டது. அதைப் பொருத்தி ஓட்டிக் காட்டிவிட்டு வெள்ளிக்கிழமை இரவு விமானம் ஏற வேண்டியது, அவ்வளவுதான் என் வேலை.

தங்கியது ஒரு வீட்டு மாடி அறையில். சோப்புத் தகராறு முடிந்து கீழே இறங்கியதும் வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன்:

"ஏனுங்க, உப்புத் தண்ணி பைப் எதுங்க?"

அவருக்கு விளங்கவில்லை. "அப்பிடி ஒண்டும் இல்லையே அண்ணை. எல்லாத்துக்கும் இந்தப் பைப் தண்ணிதான்."

"குடிக்கறதுக்கும்?"

"ஓம். குடிக்க, குளிக்க, உடுப்புத் தோய்க்க, எல்லாம் ஒண்டுதான்."

எனக்கு அது அநியாயமாகப் பட்டது. எங்கள் ஊரில் தண்ணீர் இரண்டு ஜாதி. நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. நல்ல தண்ணி முறை வைத்து வரும். குடத்தில் பிடித்து மூடி வைத்துக் குடிக்க மட்டும்தான். குளிப்பது, பாத்திரம் கழுவுவது, பட்டறை, மெஷின் எல்லாவற்றுக்கும் போர்வெல் உப்புத் தண்ணி. நல்ல தண்ணியில் யாராவது கால் கழுவினால் வீட்டில் சண்டை வரும். குடிக்கிற தண்ணீரில் குளிக்கிறார்களே என்று அந்த அம்மாவை நான் பார்த்த பார்வையில் கண்டிப்பு இருந்திருக்க வேண்டும். அவர் பேச்சை மாற்றி, இடியப்பமும் சொதியும் எடுத்து வைத்தார். சொதியைப் பார்த்து 'சாம்பார் இல்லையா' என்று கேட்டேன். வாயில் வைத்த பிறகு கேட்டதற்கு வருத்தப்பட்டேன். தேங்காய்ப்பாலில் எலுமிச்சை விட்ட அந்த மஞ்சள் சாற்றை இரண்டு கிண்ணம் குடித்தேன்.

என் சுபாவம் இதுதான். முதலில் குறை சொல்வேன், பிறகு பார்ப்பேன். அன்றைக்கே காலி வீதி என்கிற பெரிய சாலையில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து பிளேன்டீ கேட்டேன். டீயோடு ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், பற்றிஸ், வடை, மீன் பணிஸ் என்று கொண்டுவந்து வைத்தான் பரிமாறுகிறவன். "நான் இதெல்லாம் கேட்டேனா? தலையில கட்டப் பாக்கறீங்களா?" என்று எகிறினேன். எதிர் மேசையில் இருந்தவர்தான், "இஞ்ச அப்பிடித்தான் தம்பி. விரும்பினதைச் சாப்பிடுங்கோ, மிச்சத்தை எடுத்துக்கொண்டு போயிடுவினம்" என்றார். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு இரண்டு ரோல்ஸ் தின்றேன். அந்த வெட்கம் அரை மணி நேரத்தில் ஆறிவிட்டது. ஆறாமல் இருந்திருந்தால் புதன்கிழமை நான் செய்ததைச் செய்திருக்க மாட்டேன்.

சலூன் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு சின்னத் தெருவில், அங்கே சொல்வதுபோல் ஒழுங்கையில், இருந்தது. ஒழுங்கையின் முனையில் ரயில் பாதை, அதைத் தாண்டினால் கடல். ரயில் போகும்போது சலூன் கண்ணாடிகள் லேசாக அதிரும். நடத்துகிறவர் சுகந்தி, யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பதை ஒட்டிய வயது. நான் கொண்டுபோன இரண்டு கிலோ மைசூர்பாகை வாங்கிக்கொண்டு, "அண்ணை, ஒரு சின்ன விஷயம். இது லேடீஸ் மட்டும் வாற இடம். நீங்கள் பக்கத்துச் சந்தாலதான் பின்பக்கம் போக வரவேணும். திரைக்கு இஞ்சால வரக் கூடாது, குறை நினைக்காதேங்கோ" என்றார். பின்கட்டுக்கும் சலூனுக்கும் நடுவே ஒரு பச்சைத் திரை. ஐந்து நாளும் நான் அந்தத் திரைக்கு வெளியே இருந்தவன்.

பின்கட்டில் அவர் காட்டியது பக்கத்து வீட்டுச் சுவரை. வெள்ளையடித்த சுவர். அதன் அடியில் ஓடும் கானில், அதாவது சாக்கடையில், சலூன் தண்ணீர் விழுந்து தெறித்துத் தெறித்து, முழங்கால் உயரத்துக்கு ஊதாக் கறை. தலைக்கு அடிக்கும் சாயம், ஷாம்பு, கண்டிஷனர், எல்லாம் அந்த வழிதான் போகிறது. பக்கத்து வீட்டுக்காரர் மாநகரசபைக்கு எழுதிப் போட்டுவிட்டார். பி.எச்.ஐ. என்று அங்கே சொல்லும் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்து, தவணை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"வெள்ளிக்கிழமை காலமை திரும்பி வருவார் அண்ணை. அண்டைக்கும் கானில கறுப்புத் தண்ணி ஓடினால் தலை கழுவுற பேசினுகளைச் சீல் வைப்பாராம். ஆவணி மாசம் முழுக்கக் கலியாண புக்கிங். பேசின் இல்லாமல் சலூன் என்னத்துக்கு? ஆறு பிள்ளையள் இஞ்ச வேலை செய்யினம்."

"நீங்க கவலையே படாதீங்கம்மா. ஊர்லயே ஓட்டிப் பாத்துட்டுத்தான் அனுப்புனேன். தண்ணி பளிங்காட்ட வரும்" என்றேன்.

அது பொய் இல்லை. அனுப்புவதற்கு முன் தெருமுனைக் கடையில் தலைச்சாயம் வாங்கி, பட்டறைத் தண்ணீரில் கலக்கி ஓட்டிப் பார்த்தேன். பளிங்காகத்தான் வந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் ஸ்விட்சைப் போட்டேன். கரண்ட் காட்டும் முள் அசையவே இல்லை. வோல்டேஜைக் கூட்டினேன், கடைசி வரைக்கும் திருகினேன். திருப்பூரில் முப்பதில் நிற்கிற முள், இங்கே இரண்டைத் தொட்டுவிட்டுத் தூங்கியது. ஊதாவாக உள்ளே போன தண்ணீர் ஊதாவாகவே வெளியே வந்தது. வயர்களைக் கழற்றி மாட்டினேன். வேர்த்துக் கொட்டியது.

திரையை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்து நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கை இரண்டும் முழங்கை வரை ஈரம், விரல் நுனிகளில் சாயக் கறை. ராஜி என்று பெயர். வருகிறவர்களுக்குத் தலை கழுவி விடுவதுதான் அவள் வேலை. மலையகத்துக் குடும்பம், கொட்டாஞ்சேனையில் இருந்து பஸ் ஏறி வருகிறவள் என்று சுகந்தி சொல்லியிருந்தார். அவள் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள், விரலை நனைத்துப் பெருவிரலோடு சேர்த்துத் தேய்த்தாள்.

"சார், இங்க தண்ணி ரொம்ப லேசுங்க. நான் யாழ்ப்பாணத்துல ஒரு வருசம் வேல செஞ்சேன். அங்க தண்ணி கனம். ஷாம்பு நுரையே வராது. இங்க ஒரு சொட்டு போட்டா போதும், பொங்கிரும். அதனால இருக்குமோ?"

"அம்மணி, இது ஷாம்பு சமாச்சாரம் இல்ல. கரண்ட் சமாச்சாரம். நீ போய் உன் வேலையப் பாரு" என்றேன்.

அவள் போய்விட்டாள். விடையைக் கையில் எடுத்து வந்து கொடுத்தவளை நான் விரட்டிவிட்டேன். தண்ணீரின் உப்பை அளக்க எங்கள் தொழிலில் பேனா அளவுக்கு ஒரு மீட்டர் உண்டு. அதைப் பட்டறை மேசையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். மைசூர்பாகை மறக்கவில்லை.

இனி எழுத வேண்டியதுதான் கஷ்டம்.

புதன்கிழமை காலை தொட்டியை இறக்கித் தகடுகளைத் தூக்கிப் பார்த்தேன். எல்லாத் தகட்டிலும் வெள்ளையாக, பிசுபிசு என்று ஒரு படலம். தகட்டில் எதாவது படிந்தால் கரண்ட் குறையும் என்பது எனக்குத் தெரியும். அப்பாடா, காரணம் கிடைத்துவிட்டது என்று இருந்தது. முந்தின நாள் ராஜி மெழுகு டப்பாவோடு பின்கட்டுக்கு வந்ததைப் பார்த்திருந்தேன். கை கால் முடி எடுக்கிற மெழுகு அது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டேன். ஒரு கேள்வி கேட்கவில்லை. தகட்டைக் கையில் பிடித்தபடி திரைக்குப் பக்கத்தில் போய் நின்று, உள்ளே இருக்கிற எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினேன்.

"சுகந்தியம்மா, இங்க வந்து பாருங்க! உங்க ராஜி தொட்டிக்குள்ள மெழுகக் கொட்டி வெச்சிருக்கா. மெஷின் எப்படி ஓடும்? புத்தி வேண்டாமா?"

உள்ளே ஹேர் டிரையர் சத்தம் நின்றது. ராஜியின் குரல் கேட்டது.

"நான் கொட்டல அக்கா. மெழுக பேப்பர்ல சுரண்டி குப்பையிலதான் போடுறேன். எப்பவும் அப்படித்தானே."

"அப்ப இது என்ன? தானா வந்து ஒட்டிக்கிச்சா?" என்றேன் நான். எனக்குப் பயம். வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

சுகந்திக்கும் பயம். பயந்தவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் மூன்றாவது ஆளுக்குத்தான் கேடு. "ராஜி, நீ வீட்டை போ. இனி வர வேண்டாம். நான் இந்த மெஷின் சனியனோட படுற பாடு போதும்" என்று அவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. பிறகு குழாய் மூடும் சத்தம். திரையின் அடியில் ஒரு ஜோடி கால்கள் வாசல் பக்கம் நடந்து போவது தெரிந்தது.

மதியத்துக்குள் தகடுகளை அமிலம் போட்டுத் தேய்த்துப் புதுசு போல ஆக்கிவிட்டேன். அந்தப் படலம் மெழுகு இல்லை என்பது தேய்க்கும்போதே தெரிந்தது. மெழுகாக இருந்தால் அப்படி லேசில் போகாது. வெறும் கண்டிஷனர். மறுபடி மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். முள் இரண்டில் நின்றது.

ஆக, ராஜி மேல் தப்பு இல்லை என்பது புதன்கிழமை மதியமே எனக்குத் தெரியும். சலூன் பத்தடியில் இருந்தது. போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாலையில் கடற்கரைப் பாதை ஓரம் உட்கார்ந்து வெறுமனே ரயில்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டி வாசலில் தொங்கிக்கொண்டு வேலை முடிந்து போகிறவர்கள் கடலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். எனக்கு எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் உப்புத் தண்ணீர். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

வியாழக்கிழமை காலை திரைக்கு இந்தப் பக்கம் நான் வயரைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கம் வந்திருந்த ஓர் அம்மா சலித்துக்கொண்டார்.

"ராஜி எங்க? இந்தப் பிள்ளை மூண்டு தரம் கழுவியிட்டுது, இன்னும் தலை வழுக்குது."

"அவ இண்டைக்கு இல்லை" என்றார் சுகந்தி.

"கொழும்புத் தண்ணிக்கு இவ்வளவு ஷாம்பு போட்டால் ஏழு தண்ணிக்கும் போகாது. அவவுக்குத்தான் அளவு தெரியும்."

வழுக்குது என்ற சொல்லைக் கேட்டதும் என் முதுகில் சோப்பு வழுக்கியது. திங்கட்கிழமைக் குளியல், வீட்டுக்கார அம்மாவின் ஒரே பைப், ராஜி விரலைத் தேய்த்துப் பார்த்தது எல்லாம் வரிசையாக வந்து நின்றன. வெள்ளவத்தையில் எல்லாப் பைப்பிலும் வருவது நல்ல தண்ணி. உப்பில்லாத தண்ணீரில் கரண்ட் சரியாக ஓடாது என்பது ஏழாம் வகுப்புப் பாடம். இருபது வருஷமாக நான் மெஷின் ஓட்டியதெல்லாம் உப்புத் தண்ணியில். சாயப்பட்டறைக் கழிவிலோ சொல்லவே வேண்டாம், உப்பு மூட்டை மூட்டையாக இருக்கும். நல்ல தண்ணியை மெஷினுக்கு ஊற்றுகிற ஊதாரித்தனம் எங்கள் ஊரில் யாரும் செய்ததில்லை. அதனால் அப்படி ஒன்று நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்தவனும் இல்லை.

காலி வீதிக்கு ஓடிப்போய் ஒரு பாக்கெட் உப்பு வாங்கி வந்தேன். தொட்டியில் இரண்டு கைப்பிடி போட்டுக் கலக்கினேன். முள் துள்ளி எழுந்து இருபத்தெட்டில் நின்றது. பத்து நிமிஷத்தில் தகடுகளுக்கு நடுவே குமிழி கிளம்பி, ஊதா நிறம் அழுக்குப் பஞ்சு போலத் திரண்டு மேலே வந்தது. முக்கால் மணி நேரத்தில் அடிக்குழாயைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்தேன். தெளிந்த தண்ணீர்.

சுகந்தி அந்த டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "அண்ணை, நீங்கள் கெட்டிக்காரன். அப்ப அந்த மெழுகுதான் வேலையைக் கெடுத்ததோ?"

"ஆமாங்க. சுத்தம் பண்ணதும் சரியாப் போச்சு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்று வரை என்னையே கேட்டுக்கொள்கிறேன். நாக்கு தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது. புதன்கிழமை சொன்னதைக்கூடத் தெரியாமல் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம். வியாழக்கிழமை சொன்னது தெரிந்தே சொன்னது. உப்புப் பாக்கெட்டை என் பைக்குள் ஒளித்து வைத்திருந்தேன், திருடன் மாதிரி.

மதியம் சுகந்தி எனக்கென்று வீட்டில் சமைத்து எடுத்து வந்திருந்தார். பிட்டு, விளைமீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல். நான் சாப்பிட்ட மீன் குழம்புகளில் அதற்கு மேல் ஒன்று இல்லை, ஆனால் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் சுகந்தி யாரிடமோ ஃபோனில், "தலை கழுவ ஒரு பிள்ளை வேணும், கெதியாப் பாத்துச் சொல்லுங்கோ" என்று பேசிக்கொண்டிருந்தார். இலையை மடித்துவிட்டு எழுந்தேன். ராஜிக்குப் பதிலாகத் தலை கழுவுகிற பெண் பின்கட்டுக்கு வந்தபோது அவளைச் சந்துக்குக் கூப்பிட்டு ராஜியின் விலாசம் கேட்டேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

கொட்டாஞ்சேனைக்குப் போகக் கோட்டைப் பக்கம் பஸ் மாற வேண்டும். யாரிடமும் கேட்கக் கூச்சம். யாராவது முகத்தைப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும் என்பது போல இருந்தது. கூட்டத்தோடு ஒரு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே பெரிய பெரிய எண்ணெய் டேங்குகள் தெரிந்தபோதுதான் சந்தேகம் வந்தது. இறங்கிக் கேட்டால் கொலன்னாவை, வேறு திசை. வெள்ளவத்தையில் இருந்து கொட்டாஞ்சேனைக்குப் போகிறேன் என்று நான் சொன்னதும் ஒரு முச்சக்கர வண்டிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்றவர் தமிழில் சொன்னார்: "வெள்ளவத்தையில இருந்து கொட்டாஞ்சேனைக்குப் போறவர் இங்க என்ன செய்யிறார், பஸ்ஸில பெயர் போட்டிருக்கே, பார்க்கவில்லையா என்று கேட்கிறார்." நான் பார்க்கவில்லைதான். அந்த வாரம் எதைத்தான் பார்த்தேன்?

கொட்டாஞ்சேனையில் ஒரு கோயில் மணியும் ஒரு தேவாலய மணியும் அடுத்தடுத்து அடித்தன. ஒரு சின்ன வழிக்குள் இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி வீடுகள். இப்படிப்பட்ட வரிசை வீடுகளைக் கொழும்பில் தோட்டம் என்கிறார்கள். செடி ஒன்றும் இல்லை. வழியின் தொடக்கத்தில் பொதுக் குழாய். அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்தாள் ராஜி. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"என்னாங்க சார், இன்னும் எதாவது உடைஞ்சி போச்சா?"

"இல்லம்மா. உங்கிட்டப் பேசணும்."

உள்ளே கூட்டிப்போய் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். இஞ்சி போட்ட பிளேன்டீயும் ஒரு துண்டுக் கருப்பட்டியும் கொடுத்தாள். வேலையைப் பறித்தவனுக்குக் கருப்பட்டி. குடிக்கவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சொன்ன லேசுத் தண்ணிதான் காரணம் என்பது, உப்புப் போட்டதும் ஓடியது, படலம் மெழுகு இல்லை, அது புதன் மதியமே தெரியும் என்பது, இன்றைக்கும் பொய் சொன்னது. கடைசியில், "மன்னிச்சிக்கம்மா" என்றேன்.

அவள் நான் தொடாத டீயைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"இத சுகந்தி அக்காகிட்ட சொன்னீங்களா?"

"இன்னும் இல்ல."

"அன்னைக்கி டீச்சரம்மா தல என் கையில இருந்திச்சி. எட்டு வருசமா நான்தான் அவங்களுக்குக் கழுவுறேன். நீங்க கத்துனதும் என் கை அப்படியே நின்னு போச்சி. அவங்க கண்ணத் தொறந்து என்னைப் பாத்தாங்க, சார். கூட இன்னும் ரெண்டு பேரு, வேல செய்யுற புள்ளைங்க, எல்லாரும் பாத்தாங்க." அவள் குரல் உயரவில்லை. "அவ்வளவு பேருக்கு முன்னுக்குச் சொன்னீங்க. மன்னிப்ப மட்டும் இங்க வந்து, ஒருத்தரும் இல்லாத எடத்துல சொல்லுறீங்க."

அவள் சொன்னது அப்படியே சரி.

"சல்லி கில்லி ஒன்னும் வேணாம். அந்த எடத்துல, அந்த ஆளுங்க முன்னுக்குச் சொல்லுங்க. அதுக்குப் பொறகு பாப்பம்." நாளைக் காலை ஒன்பது மணிக்குச் சலூனுக்கு வரச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மாலை சுகந்திக்கு ஃபோன் செய்து, புதன்கிழமை சலூனில் இருந்த எல்லோரையும் நாளைக் காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். "ஏன் அண்ணை, மெஷினைக் காட்டவோ?" என்று உற்சாகமாகக் கேட்டார். "ஆமாங்க" என்றேன். இன்னொரு பொய்.

வெள்ளிக்கிழமை காலை குளித்தபோது சோப்பை நகக்கண் அளவுதான் எடுத்தேன். ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது சந்து வழியாகப் போய்த் திரைக்கு முன் நின்றேன். உள்ளே பேச்சுக் குரல்கள். பத்து மணிக்கு வர வேண்டிய பி.எச்.ஐ.யும் முன்னாலேயே வந்துவிட்டார் போல, ஒரு ஆண் குரல் சிங்களத்தில் கேட்டது. அவர் போகட்டும், பிறகு சொல்லலாம் என்று ஒரு நப்பாசை. ஆனால் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, படியில், தோளில் கைப்பையோடு ராஜி நிற்பது திரையின் இடுக்கில் தெரிந்தது. உள்ளே வரவில்லை. வெயிலில் நின்றுகொண்டிருந்தாள்.

"உள்ள வரலாமுங்களா?" என்று கேட்டேன். பதில் வருவதற்குள் திரையை விலக்கிவிட்டேன்.

ஐந்து நாளில் அந்த அறையை அப்போதுதான் பார்க்கிறேன். சுற்றிலும் கண்ணாடி, எந்தப் பக்கம் திரும்பினாலும் என் முகம். நடு நாற்காலியில் ஓர் அம்மா, ராஜி சொன்ன டீச்சராகத்தான் இருக்க வேண்டும். இன்னும் இரண்டு பேர், வேலை செய்கிற பெண்கள், காக்கி நிறப் பையோடு பி.எச்.ஐ., சுகந்தி.

"சுகந்தியம்மா, ராஜி மெழுகு கொட்டலைங்க" என்றேன். "தகட்டுல இருந்தது வெறும் கண்டிஷனர். மெஷின் ஓடாததுக்கு நான்தான் காரணம். தண்ணியில உப்பு இல்லைங்கறது எனக்குத் தெரியல. ராஜி செவ்வாய்க்கிழமையே சொன்னா. நான் அவளை விரட்டிட்டேன். மெழுகு இல்லைன்னு புதன்கிழமை மத்தியானமே தெரியும். சொல்லல. நேத்து நீங்க கேட்டப்பவும் பொய்தான் சொன்னேன்."

பையில் இருந்த உப்புப் பாக்கெட்டை எடுத்து மேசை மேல் வைத்தேன்.

பி.எச்.ஐ. சுகந்தியைப் பார்த்து, இவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். சுகந்தி சிங்களத்தில் சொல்லத் தொடங்கினார். எனக்கு ஒரு சொல் தெரியாது. ராஜி என்ற பெயர் மூன்று முறை வந்தது, மெழுகு டப்பாவைக் காட்டினார், உப்பைக் காட்டினார், கடைசியில் என்னைக் காட்டினார். என் தப்பை நான் ஒரு முறை தமிழில் சொல்லி, இன்னொரு முறை தெரியாத மொழியில் நின்று கேட்டேன். இரண்டாவதுதான் அதிகம் சுட்டது. பி.எச்.ஐ. ஒரு கேள்வி கேட்டார். சுகந்தியின் முகம் மாறியது.

"என்ன கேக்கறாருங்க?"

"அப்ப தண்ணியைப் பற்றித் தெரிஞ்ச ஆளை ஏன் வேலையால நிப்பாட்டினனீங்கள் எண்டு கேக்கிறார்." சுகந்தி உப்புப் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவர் கத்தினார். நானும் ஒண்டும் கேக்காமல் அனுப்பினனான். என்னட்ட பத்து வருஷம் வேலை செய்த பிள்ளை."

அவர் போய்க் கண்ணாடிக் கதவைத் திறந்தார். "வா ராஜி" என்றார்.

ராஜி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நேராக டீச்சரிடம் போனாள். டீச்சர் அவள் கையைப் பிடித்து, "எனக்குத் தெரியும் பிள்ளை" என்றார். ராஜி கைப்பையை ஆணியில் மாட்டினாள், ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டாள். மேசையில் இருந்த உப்புப் பாக்கெட்டைத் தூக்கி எடை பார்த்துவிட்டு, பின்கட்டுக்குப் போகும் வழியில் திரைக்குப் பக்கம் வைத்தாள்.

"பி.எச்.ஐ. ஐயாவுக்கு நான் ஓட்டிக் காட்டுறேன் அக்கா. உப்ப போட்டு சுவிச்ச போடுறதுதானே. டீச்சரம்மாவுக்குத் தல நனைச்சிட்டு வர்றேன், அஞ்சு நிமிசம்."

பேசினில் குழாயைத் திறந்தாள். விரல்களுக்கு நடுவே தண்ணீரை விட்டுச் சூடு பார்த்தாள். அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். நான் இன்னும் அறையின் நடுவில், எல்லாக் கண்ணாடியிலும் நின்றுகொண்டிருந்தேன்.

"சார், நீங்க வெளிய போங்க. இது லேடீஸ் இருக்குற எடம்" என்றாள். "அந்தத் தொட்டியையும் தொடாதீங்க. நான் வந்து பாத்துக்குறேன்."

நான் திரையைத் தாண்டிப் போய், பின்கட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.